கறை படிஞ்ச ரேஞ்சர்: கெட்டுப்போன வேட்டைக்காரனுக்கு கணக்கு போடுறது எப்படி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல (டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டரா சேந்து கதை ஆடுற டேபிள் கேம்) சொந்தமா ஒரு சப்கிளாஸ் எழுதலாம்னு உக்கார்ற ஆளுங்கள்ல நெறைய பேரு கை வைக்கிறது ரேஞ்சர்ங்கற காட்டு வேட்டைக்காரன் மேலதான், அதுலயும் "காட்டைக் காக்க வேண்டியவன், காட்டுக்குள்ள இருந்த ஏதோ ஒண்ணு அவனைத் தின்னுடுச்சு"ங்கற ஐடியா எல்லாருக்கும் பிடிக்கும். ஐடியா நல்லாத்தான் இருக்கும், எழுதி முடிச்சு டேபிளுக்கு வந்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, அந்த ஒரு ஆளு மட்டும் எல்லா மான்ஸ்டரையும் அடிச்சு முடிச்சிருவான், மத்த நாலு பேரு வேடிக்கை பாப்பாங்க. இல்லன்னா "கெட்டுப்போனவன்"ங்கறதுக்காக அவ்ளோ தண்டனை ஏத்தி வெச்சிருப்பாங்க, மூணாவது செஷன்ல அந்த பிளேயரே வேற கேரக்டர் கேப்பாரு.

பவரை கூட்டணுமா குறைக்கணுமாங்கறது அப்புறம் வர்ற கேள்வி. அதுக்கு முன்னாடி, கறைக்கு, அதாவது அவனைக் கெடுத்த அந்த சக்திக்கு, விலை யாரு குடுக்குறா, எப்போ குடுக்குறா, எந்தக் காசுல குடுக்குறாங்கறதை முடிவு பண்ணணும். இந்த மூணுக்கும் பதில் "அந்த ரேஞ்சரே, அடிக்கிற அதே நொடில, ஹீலர் திருப்பிக் குடுக்க முடியாத காசுல"ன்னு வந்தா பாதி வேலை முடிஞ்சுது. ஏன்னு அடியிலேர்ந்து பாப்போம்.

## ரேஞ்சரும் சப்கிளாஸும்

ரூல் புக்ல கிளாஸ்னா கேரக்டரோட தொழில் மாதிரி, சப்கிளாஸ்னா அதுக்குள்ள ஒரு கிளை. ரேஞ்சருக்கு இந்தக் கிளை 3வது லெவல்ல ஆரம்பிக்கும், அப்புறம் 7, 11, 15ல ஒவ்வொரு திறமை வரும். 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்லயும் 2024ல வந்த புது ஹேண்ட்புக்லயும் இந்த நாலு லெவல் மாறல. நீங்க எழுதப்போறது இந்த நாலு இடத்துக்கு மட்டும்தான், மீதி எல்லாம் ஏற்கனவே ரேஞ்சர்கிட்ட இருக்கு.

அவன்கிட்ட ஏற்கனவே இருக்கறதுல நமக்கு வேண்டியது:

1. ஹிட் டைஸ் (உசுரோட அளவைச் சொல்ற டைஸ்) டி10, அதாவது 10 பக்க டைஸ்; இதே மாதிரி 1டி6ன்னா 6 பக்க டைஸ் ஒண்ணு. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 இருந்தா 3வது லெவல்ல 28 ஹெச்பி (உசுரு), 5ல 44, 11ல 92.

2. 5வது லெவல்ல ஒரு டர்ன்ல ரெண்டு அடி.

3. அரை மந்திரக்காரன். முழு மந்திரக்காரங்களுக்கு 5வது லெவல்ல வர்ற 3ஆம் நிலை மந்திரம் இவனுக்கு 9லதான் வரும்.

4. ஹன்டர்ஸ் மார்க். ஒரு ஆளைக் குறிவெச்சா ஒவ்வொரு அடிக்கும் 1டி6 கூடுதல். இதுக்கு கான்சன்ட்ரேஷன் வேணும், குறிவைக்க போனஸ் ஆக்ஷனும் வேணும். கான்சன்ட்ரேஷன்னா ஒரு நேரத்துல ஒரு மந்திரத்தை மட்டும்தான் புடிச்சு வெச்சிருக்க முடியும், அடி வாங்கினா அது கலையவும் கலையும். போனஸ் ஆக்ஷன்னா டர்னுக்கு ஒண்ணே ஒண்ணு கிடைக்கிற குட்டி வேலை.

நாலாவது பாயின்ட்டை மறந்துட்டு எழுதின ஹோம்ப்ரூதான் (ஆளாளுக்கு சொந்தமா எழுதுற ரூல்) அதிகம். "போனஸ் ஆக்ஷன்ல இருட்டைக் கூப்பிடலாம், கான்சன்ட்ரேஷன் தேவை"ன்னு ஒரு திறமை எழுதினா, அது ரேஞ்சர்கிட்ட ஏற்கனவே இருக்கறதோட மல்லுக்கட்டும். பேப்பர்ல ரெண்டு திறமை, டேபிள்ல ஒண்ணுதான். அதனால நம்ம சப்கிளாஸோட முக்கியமான வேலை போனஸ் ஆக்ஷனையும் கேக்கக்கூடாது, கான்சன்ட்ரேஷனையும் கேக்கக்கூடாது.

கொஞ்சம் வரலாறும் வேணும். ரேஞ்சர் கிளாஸ் 1975லயே தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ பத்திரிகைல வந்திருச்சு. 1978 அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல ரேஞ்சர்னா நல்லவனா இருந்தே ஆகணும், குணம் மாறினா அந்த நொடியே எல்லா ரேஞ்சர் திறமையும் போயிரும், அதுக்கப்புறம் வெறும் ஃபைட்டர்தான், திரும்பி வர வழியே இல்ல. அப்போ கெட்டுப்போன ரேஞ்சர்ங்கறது ஒரு கிளாஸா இருக்கல, தண்டனையா இருந்துச்சு. 2000ல வந்த மூணாவது எடிஷன் அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டு சத்தமில்லாம ஒரு கொடூரமான வரியைச் சேர்த்துச்சு: சொந்த இனத்தையே ஃபேவர்டு எனிமியா (தனியா பழகி வேட்டையாடுற எதிரி வகை) எடுக்கணும்னா ரேஞ்சர் தீயவனா இருக்கணும். ஒத்தை வரில ஒரு முழு வில்லன் கேரக்டர். 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்ல வில்லன்களுக்குன்னே பாலடினுக்கு (புனித வீரன்) ஓத்பிரேக்கரும் கிளெரிக்குக்கு (கடவுள் சக்தியால மந்திரம் போடுற பூசாரி) டெத் டொமைனும் சப்கிளாஸா குடுத்தாங்க, ரேஞ்சருக்கு ஒண்ணும் குடுக்கல. இன்னிக்கு வரைக்கும் ஆளாளுக்கு எழுதிப் பாக்குறதுக்கு அந்தக் காலி இடமும் ஒரு காரணம்.

## பேலன்ஸை நம்பர்ல பாத்தா

"இது ஓபியா (அளவுக்கு மீறின பலமா) இல்லையா"ன்னு உணர்ச்சியா சண்டை போட்டு யாரும் ஜெயிச்சதில்ல, அதனால ஒரு அளவுகோல் வெச்சுக்கலாம். 5வது லெவல் ரேஞ்சர், டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) 18, ஆர்ச்சரி ஸ்டைல், லாங்போ (பெரிய வில்). அடிக்கிற போனஸ் +9, எதிரி ஏசி (அடி படாம காக்குற எண்) 15ன்னா 20 பக்க டைஸ்ல 6 அல்லது மேல வேணும், அதாவது 75 சதவீதம் படும். ஒரு அடிக்கு சராசரி 8.5. ரெண்டு அடி, கிரிட்டிக்கலையும் (20 விழுந்தா டேமேஜ் டைஸ் ரெட்டிப்பு) சேத்தா ஒரு ரவுண்டுக்கு சுமார் 13.2 டேமேஜ். ஹன்டர்ஸ் மார்க் போட்டா இன்னொரு 5.6 கூடும்.

இதுக்கு மேல சப்கிளாஸ் எவ்ளோ குடுக்குது? ரெண்டு அடில ஒண்ணாவது படுற வாய்ப்பு சுமார் 94 சதவீதம். அதை வெச்சு அதிகாரப்பூர்வ சப்கிளாஸ்களைப் பாத்தா:

1. ஹன்டரோட கொலாசஸ் ஸ்லேயர், டர்னுக்கு ஒரு தடவை 1டி8, எதிரி ஏற்கனவே காயம்பட்டிருக்கணும். ரவுண்டுக்கு சுமார் 4.2.

2. மான்ஸ்டர் ஸ்லேயர், குறிவெச்ச ஆளு மேல டர்னுக்கு ஒரு தடவை 1டி6. ரவுண்டுக்கு சுமார் 3.3, ஆனா குறிவைக்க போனஸ் ஆக்ஷன் போகும்.

3. ஃபே வான்டரர், 1டி4 சைக்கிக் (மனசைத் தாக்குற வகை டேமேஜ்). ஒரே ஆளை அடிச்சா ரவுண்டுக்கு சுமார் 2.3. டேமேஜ் கம்மி, பதிலுக்கு பேச்சுத் திறமைல பெரிய போனஸ்.

ஆக இந்த லெவல்ல நமக்கு இருக்கற பட்ஜெட் ரவுண்டுக்கு ரெண்டரைலேர்ந்து நாலரை. இப்போ வழக்கமா பாக்குற ஒரு ஹோம்ப்ரூ வரியை எடுத்துக்கங்க: "உன் அம்புகள் சாபம் தோய்ந்தவை, ஒவ்வொரு அடிக்கும் 2டி6 நெக்ராட்டிக்." ஒவ்வொரு அடிக்கும்ங்கற வார்த்தைலதான் வெடிகுண்டு இருக்கு. 7 பெருக்கல் 0.75 பெருக்கல் 2, ரவுண்டுக்கு 10.5. மொத்த டேமேஜ்ல 80 சதவீதம் ஏத்தம், அதுவும் சும்மா. எழுதினவருக்கும் உறுத்தியிருக்கும், அதனாலதான் அடுத்த வரிலயே ஒரு தண்டனை எழுதியிருப்பாரு.

## வழக்கமா எழுதுற தண்டனைகள் ஏன் வேலைக்கு ஆகல

1. "ஊர்க்காரங்க உன்னைப் பாத்து பயப்படுவாங்க." இது விலையே இல்ல. டஞ்சனுக்குள்ள ஊர்க்காரங்க கிடையாது. டிஎம்முக்கு (டஞ்சன் மாஸ்டர், அதாவது கேமை நடத்துறவர்) ஒவ்வொரு காட்சிலயும் இதை ஞாபகம் வெச்சுக்கற வேலை, அவரு மறந்தா பிளேயருக்கு லாபம், ஞாபகம் வெச்சிருந்தா பேச்சுவார்த்தை பண்ண ஆசைப்பட்ட பார்டுக்கு (பாட்டும் பேச்சும் கைவந்த கிளாஸ்) நஷ்டம். நம்பர்ல கிடைச்ச லாபத்துக்கு கதைல தண்டனை குடுத்தா அது ஒருநாளும் சரியா ஈடாகாது.

2. "விஸ்டம் சேவ் (மனசு தாங்குதான்னு பாக்க உருட்டுற டைஸ்) தோத்தா கட்டுப்பாட்டை இழந்து பக்கத்துல இருக்கறவனை அடிப்ப." கேக்க நாடகத்தனமா இருக்கும், ஆனா இங்க விலை குடுக்குறது பக்கத்துல நின்ன ஃபைட்டர். அவரு இந்த சப்கிளாஸை எடுக்கவே இல்ல. அதுக்கு மேல, கேரக்டரைப் பிளேயர் கைலேர்ந்து பிடுங்கறது அப்பப்போ டிஎம் கதைக்காக பண்ற விஷயம், கிளாஸுக்குள்ளயே நிரந்தரமா வெச்சா பிளேயர் தன் டர்ன்ல பார்வையாளரா உக்காந்திருப்பாரு.

3. "ஒவ்வொரு தடவையும் 3 டேமேஜ் வாங்கிக்கோ." இது கொஞ்சம் பரவால்ல, ஆனா ரேஞ்சரோட மந்திரப் பட்டியல்லயே குட்பெரி இருக்கு, ஒரு முதல் நிலை ஸ்லாட்ல (மந்திரம் போட செலவாகுற கணக்கு) பத்து பழம், பழத்துக்கு 1 ஹெச்பி. சண்டை முடிஞ்சதும் பத்து பழத்தைத் தின்னுட்டு மூணு தடவை யூஸ் பண்ணின பாவத்தைக் கழுவிடலாம், மிச்சமும் இருக்கும். அதோட லாங்போக்காரன் 150 அடி தள்ளி நிக்கிறான், அவனை யாரும் அடிக்கப்போறதில்ல, சும்மா கிடக்கிற ஹெச்பியை செலவு பண்றது அவனுக்கு விலையா தெரியவே தெரியாது. அதே ரூல் ரெண்டு கத்தியோட முன்னாடி நிக்கிற ரேஞ்சரைக் கொன்னுரும்.

4. "ஒரு ஹிட் டைஸை செலவு பண்ணு." அழகான யோசனை, ஷார்ட் ரெஸ்ட்ல (நடுவுல எடுக்குற சின்ன ஓய்வு) உடம்பைத் தேத்திக்க வெச்சிருந்த டைஸை எதிரி மேல வீசுறது கதையாவும் பொருந்தும். பிரச்சினை என்னன்னா நெறைய டேபிள்ல ஒரு நாளைக்கு ஒரே பெரிய சண்டை, ஷார்ட் ரெஸ்ட்டே நடக்காது, அப்போ ஹிட் டைஸ் செல்லாக்காசு. 2014 ரூல்ல ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (முழு ராத்திரி ஓய்வு) பாதி டைஸ்தான் திரும்பி வரும், 2024ல எல்லாமே வந்துரும், அதனால அங்க இது இன்னும் மலிவு.

5. எக்ஸாஷன், அதாவது நிலை நிலையா ஏறுற களைப்பு. 2014 ரூல்ல முதல் நிலைல எபிலிட்டி செக்குக்கு (அடி, சேவ் இல்லாத மத்த முயற்சிகள்) மட்டும் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி சின்னதை எடுக்கறது), வில்லாளிக்கு சண்டைல அது ஒரு பொருட்டே இல்ல, மூணாவது நிலைல திடீர்னு எல்லா அடிக்கும் சேவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், ஆறுல சாவு. 2024ல நிலைக்கு ரெண்டு ரெண்டா எல்லா டி20 ரோல்லயும் குறையும். ரெண்டு எடிஷனுக்கும் சேத்து ஒரே விலை வைக்க முடியாது, அதோட லாங் ரெஸ்ட்டுக்கு ஒரு நிலைதான் குறையும்ங்கறதால பார்ட்டி மொத்தமும் "இவன் தூங்கட்டும்"னு காத்திருக்கும். மறுபடியும் விலை மத்தவங்க தலைலதான்.

அதிகாரப்பூர்வ புக்லயும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. ஓத்பிரேக்கரோட ஆரா ஆஃப் ஹேட், பத்து அடிக்குள்ள இருக்கற ஃபீண்ட் (நரகப் பிசாசு), அன்டெட் (செத்தும் நடமாடுறது) எல்லாத்துக்கும் கைகலப்பு டேமேஜை ஏத்தும், அது நம்ம பக்கமா எதிரி பக்கமான்னு பாக்காது. நரகத்துல சண்டை போடுற கேம்பெயின்ல இந்த பாலடினை முன்னாடி நிறுத்தினா எதிரிகளுக்கு கொண்டாட்டம். வில்லனுக்கு எழுதினதை ஹீரோ பார்ட்டிக்குள்ள வெச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

## விலை எப்படி இருக்கணும்

மேல சொன்ன தோல்விகளைத் திருப்பிப் போட்டா நிபந்தனைகள் தானா வருது. விலையை ரேஞ்சர் மட்டும் குடுக்கணும், அதே சண்டைல உறைக்கணும், ஹீலிங்கால அழிக்க முடியக்கூடாது, தூரத்துல நிக்கிறவனுக்கும் கிட்ட நிக்கிறவனுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வலிக்கணும், ஒவ்வொரு தடவையும் பிளேயரே விரும்பி எடுக்குற முடிவா இருக்கணும்.

ரெய்த் மான்ஸ்டரோட லைஃப் டிரெயின் வாங்கினவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும், அதுல டேமேஜ் பெருசில்ல, ஹெச்பியோட உச்சவரம்பே குறையுறதுதான் பீதி. லாங் ரெஸ்ட் வரைக்கும் திரும்பாது, எவ்ளோ ஹீலிங் போட்டாலும் அந்த வரம்பைத் தாண்டாது. நமக்கு வேண்டிய காசு இதுதான். கிரேட்டர் ரெஸ்டொரேஷன் மட்டும் இதைச் சரிபண்ணும், அது 5ஆம் நிலை மந்திரம், அதை இதுக்காக செலவு பண்ண ஒரு கிளெரிக் தயாரா இருந்தா பண்ணிட்டுப் போகட்டும்.

அடுத்தது எவ்ளோ. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வெச்சா லெவல் ஏற ஏற மலிவாயிரும், புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோட மெதுவா ஏறுற தேர்ச்சி எண்) அளவு வெச்சாலும் அதே கதைதான், ஏன்னா ஹெச்பி ஏறுற வேகத்துக்கு அது ஏறாது. 5வது லெவல்ல அஞ்சு தடவைக்கு 15 ஹெச்பி போனா 44ல மூணுல ஒரு பங்கு, 11வது லெவல்ல அஞ்சு தடவைக்கு 20 போனா 92ல கால்வாசி கூட இல்ல.

அதனால ஏறிக்கிட்டே போற விலை. கறைன்னு ஒரே ஒரு எண் வெச்சுக்கலாம், நாள் ஆரம்பத்துல பூஜ்யம். ஒவ்வொரு தடவை சக்தியைக் கூப்பிடும்போதும் கறை ஒண்ணு ஏறும், ஏறின கறையைப் போல ரெண்டு மடங்கு ஹெச்பி போகும், உச்சவரம்பும் அதே அளவு குறையும். முதல் தடவை 2, ரெண்டாவது 4, மூணாவது 6, அப்புறம் 8, 10. மொத்தமா கூட்டினா 2, 6, 12, 20, 30, 42, 56, 72. இப்போ இதை ஹெச்பியோட ஒப்பிட்டுப் பாருங்க: 3வது லெவல்ல 28 ஹெச்பிக்காரன் மூணு தடவைலயே 12 இழப்பான், நாலாவது போனா 20. 5வது லெவல்ல 44க்கு நாலு தடவை 20. 11ல 92க்கு ஆறு தடவை 42. 17ல 140க்கு எட்டு தடவை 72. எந்த லெவலா இருந்தாலும் பாதி உசுரை விக்கிற இடம் அவனோட வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி தானா நகருது, தனியா ஒரு டேபிள் எழுத வேண்டியதே இல்ல.

இதுல இன்னொரு லாபம், கெட்டுப்போறதுங்கற கதையை யாரும் வாசிச்சுக் காட்ட வேண்டாம். முதல் தடவை கிட்டத்தட்ட இலவசம், ரெண்டு ஹெச்பிக்கு யாரு யோசிப்பா. அஞ்சாவது தடவை 10 போகும்போதுதான் கடன் எவ்ளோ ஏறிடுச்சுன்னு உறைக்கும், ஆனா அந்த நேரத்துல எதிரில ஒரு டிராகன் இன்னும் நின்னுகிட்டிருக்கும்.

## திறமைகள், லெவல் வாரியா

3வது லெவல், கறை அம்பு. உன் டர்ன்ல ஒரு தடவை, ஆயுதத்தால அடிச்சா 1டி4 நெக்ராட்டிக் கூடுதல், இது இலவசம். நெக்ராட்டிக்னா உயிரை உலர்த்துற வகை டேமேஜ், அன்டெட் நெறைய பேருக்கு அது உறைக்காது, அதனால ஃபோர்ஸ் அளவுக்கு எல்லா இடத்துலயும் செல்லாது, பாய்சன் அளவுக்கு எல்லா இடத்துலயும் வீணாவும் போகாது. அதோட, அந்த எதிரி 30 அடிக்குள்ள இருந்தா கறை ஒண்ணு ஏத்தி 2டி6 நெக்ராட்டிக் சேத்துக்கலாம், 11வது ரேஞ்சர் லெவல்லேர்ந்து 3டி6.

30 அடிங்கறது சின்ன விஷயமா தெரியும், ஆனா மொத்த சப்கிளாஸும் அதுல நிக்குது. தூரத்துல பாதுகாப்பா நிக்கிறவனுக்கு ஹெச்பி மலிவு, அவனைக் கிட்ட வரவெச்சா அதே ஹெச்பி விலைமதிப்புள்ளதாயிரும்.

கணக்கு பாத்துரலாம். ஒரு நாளைக்கு நாலு ரவுண்டு வீதம் மூணு சண்டை, மொத்தம் 12 ரவுண்டுன்னு வெச்சுக்கங்க. ஹன்டர் 12 பெருக்கல் 4.2, சுமார் 50, முழு ஹெச்பில இருக்கற எதிரிக்கு வேலை செய்யாதுங்கறதால நிஜத்துல கொஞ்சம் கம்மி. நம்ம ஆளுக்கு இலவச டைஸ்ல 28, நாலு தடவை கறை ஏத்தினா இன்னொரு 28, மொத்தம் 56. ஹன்டரைவிட சுமார் ஆறு கூட, அதுக்கு 20 ஹெச்பி உச்சவரம்பு போச்சு. ஆனா அந்த 28ஐ எந்த ரவுண்டுல கொட்டணும்னு அவன் தேர்ந்தெடுக்கலாம், கிரிட்டிக்கல் விழுந்த அடில ஏத்தினா 4டி6. அந்த சுதந்திரத்துக்குத்தான் 20 ஹெச்பி. முதல்ல சொன்ன ஒவ்வொரு அடிக்கும் 2டி6 ஹோம்ப்ரூ இதே நாள்ல 126 குடுக்கும்ங்கறதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

மந்திரங்களும் இந்த லெவல்லேர்ந்துதான். 2014 புக்ல இருந்த ஹன்டருக்கும் பீஸ்ட் மாஸ்டருக்கும் கூடுதல் மந்திரமே கிடையாது, 2017லேர்ந்து வந்த குளூம் ஸ்டாக்கர் மாதிரி சப்கிளாஸ்களுக்கு 3, 5, 9, 13, 17ல ஒவ்வொண்ணு வரும். நம்மளுக்கு இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ், பிளைண்ட்னஸ், பெஸ்டோ கர்ஸ், பிளைட், கன்டேஜன். இதுல பெஸ்டோ கர்ஸ் தவிர எதுக்கும் கான்சன்ட்ரேஷன் வேணாம், அது வேணும்னேதான், ஹன்டர்ஸ் மார்க்கோட மோதக்கூடாது. பிளைட் பத்தி தனியா சொல்லணும், 8டி8 நெக்ராட்டிக், 2014 ரூல்ல செடிகொடி வகை உயிர்னா முழு டேமேஜும் அப்படியே உச்சத்துல விழும். காட்டோட காவலனா இருந்தவன் கைல காட்டைக் கருக்குற மந்திரம், இதுக்கு மேல கதை எழுதணுமா.

7வது லெவல், மரத்துப்போன மனசு. இந்த இடம் பெரும்பாலான ரேஞ்சர் சப்கிளாஸ்ல தற்காப்புக்கோ நடமாட்டத்துக்கோதான். குளூம் ஸ்டாக்கருக்கு இங்க விஸ்டம் சேவ் புரொஃபிஷியன்சி கிடைக்கும், அது ரொம்பப் பெருசு. நம்மளுக்கு கறை ஒண்ணாவது இருக்கற வரைக்கும் பயமுறுத்துற, மயக்குற விளைவுகளுக்கு எதிரா சேவ்ல அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி பெருசை எடுக்கறது). மூணு கறைக்கு மேல போனா மிருகங்க இவனை அண்டாது, அனிமல் ஹேண்ட்லிங் செக் எல்லாத்துக்கும் டிஸ்அட்வான்டேஜ். கதைத் தண்டனை வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு இதென்னன்னு கேக்கலாம், இது எதையும் ஈடுகட்ட வெச்சதில்ல, வெறும் மணம். எடுத்துட்டாலும் கணக்கு மாறாது.

11வது லெவல், பசி. கறை ஏத்தி அடிச்ச அடில எதிரி செத்தா கறை எண் ஒண்ணு குறையும், இழந்த ஹெச்பி திரும்பாது, அடுத்த தடவை மட்டும் விலை மலிவு. ஷார்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு தடவைதான். அந்தக் கட்டுப்பாடு இல்லன்னா எலி மூட்டை பிரச்சினை வந்துரும், அதாவது ஒரு மூட்டைல எலிகளைத் தூக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா கொன்னு சக்தியை நிரப்பிக்கற தந்திரம், கொன்னா லாபம்னு எழுதின எல்லா ரூலுக்கும் இந்த ஓட்டை உண்டு. "மதிப்புள்ள எதிரியா இருக்கணும்"னு எழுதினா எது மதிப்புன்னு டிஎம்மோட அரைமணி நேரம் வாக்குவாதம், எண்ணிக்கைல கட்டிப்போடுறதுதான் நிம்மதி.

15வது லெவல், கறையைப் பங்கு போடு. உன்னை யாராவது அடிச்சா ரியாக்ஷன்ல (அடுத்தவன் டர்ன்லயும் பண்ணக்கூடிய பதில் வேலை) டேமேஜைப் பாதியாக்கு, அடிச்சவனுக்கு கறையைப் போல ரெண்டு மடங்கு நெக்ராட்டிக். 2014 ஹன்டர் இதே லெவல்ல எடுக்கக்கூடிய அன்கேனி டாட்ஜும் பாதியாக்கும், திருப்பி அடிக்கறது மட்டும்தான் இங்க கூடுதல், அதுவும் ஏற்கனவே விலை குடுத்தவனுக்கு மட்டும். கறை பூஜ்யமா இருந்தா வேலையே செய்யாதுன்னு எழுதிடுங்க.

லாங் ரெஸ்ட்ல கறை முழுசா போயிரும். நிரந்தரமா ஒட்டிக்கிட்டா இன்னும் உருக்கமா இருக்குமேன்னு தோணும், தோணட்டும், ஆனா வாரக்கணக்குல சேர்ற தண்டனை கடைசில ஆட முடியாத ஒரு கேரக்டரைத்தான் குடுக்கும். நிரந்தரமான கறை கதைல இருக்கட்டும், நம்பர்ல வேணாம்.

## வார்த்தைகள்ல ஓட்டை அடைக்கறது

திறமை நல்லா இருந்தும் ஒரு வார்த்தைல கோட்டை விடுற இடங்கள் சில:

1. விலையை "டேமேஜ்"னு எழுதாதீங்க, "ஹெச்பியை இழக்கிறாய்"னு எழுதுங்க. டேமேஜ்னா நெக்ராட்டிக் ரெசிஸ்டன்ஸ் வாங்கி விலையைப் பாதியாக்கிருவாங்க. இன்னொரு பக்கம், டேமேஜ் வாங்கினா கான்சன்ட்ரேஷன் சேவ் வரும், ரேஞ்சருக்கு கான்ஸ்டிட்யூஷன் சேவ்ல புரொஃபிஷியன்சி கிடையாது, தன் சக்தியை யூஸ் பண்ணி தன் ஹன்டர்ஸ் மார்க்கையே கலைச்சுக்குவான்.

2. டெம்பரரி ஹெச்பியால (தற்காலிகமா மேல சேர்ற உசுரு) இந்த விலையைக் குடுக்க முடியாதுன்னு ஒரு வரி வேணும்.

3. "ஒரு டர்னுக்கு"ன்னு எழுதாம "உன் டர்ன்ல"ன்னு எழுதுங்க. இல்லன்னா எதிரி ஓடும்போது ரியாக்ஷன்ல அடிக்கிற அடிக்கும் கறை ஏத்தி ஒரே ரவுண்டுல ரெண்டு தடவை கொட்டுவாங்க.

4. டைஸ் வளர்ச்சியை ரேஞ்சர் லெவலோட கட்டுங்க, மொத்த லெவலோடயோ புரொஃபிஷியன்சி போனஸோடயோ கட்டாதீங்க. மூணு லெவல் மட்டும் ரேஞ்சர் எடுத்துட்டு ஃபைட்டருக்கோ ரோகுக்கோ தாவுறவங்களுக்கு குளூம் ஸ்டாக்கர் எவ்ளோ இனிப்பா இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், முதல் ரவுண்டு கூடுதல் அடி, இனிஷியேட்டிவ் (யாரு முதல்ல ஆடுறதுங்கற ரோல்) போனஸ், இருட்டுல மறைவு எல்லாமே 3வது லெவல்லயே.

5. விலை குடுத்தா ஹெச்பி பூஜ்யத்துக்குப் போகும்னா கறை ஏத்த முடியாது. கடைசி உசுரைக் குடுத்து விழறது சினிமாத்தனமா நல்லாத்தான் இருக்கும், ஆனா விழுந்தவனை எழுப்புறது யாரு, கிளெரிக்கோட அடுத்த டர்ன் போச்சு.

2024 ரூல்ல ஆடுறவங்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். அங்க ஹன்டர்ஸ் மார்க் முதல் லெவல்லயே இலவசமா சில தடவை வரும், 13வது லெவல்ல அடி வாங்கினாலும் அந்த கான்சன்ட்ரேஷன் கலையாது. ஸ்லாட் மிச்சமாகும், ஆனா நம்ம கறை ஸ்லாட்டைத் தொடறதே இல்லங்கறதால 3வது லெவல் கணக்கு அப்படியே நிக்கும். குட்பெரியும் அங்க போனஸ் ஆக்ஷன்ல தின்னலாம், உச்சவரம்பு குறைஞ்சிருக்கும்போது அதனாலயும் ஒண்ணும் ஆகப்போறதில்ல.

## டேபிளுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி

நம்பர் சரியா இருந்தாலும் இன்னொரு விஷயம் மிச்சம் இருக்கு. கெட்டுப்போன ரேஞ்சர்னு சொன்னதும் சில பிளேயர்கள் பார்ட்டியையே முதுகுல குத்துறதுக்கு லைசென்ஸ் கிடைச்ச மாதிரி நடந்துக்குவாங்க, "என் கேரக்டர் அப்படித்தான்"னு ஒரு வாக்கியம் வேற ரெடியா இருக்கும். மேல எழுதின எந்தத் திறமையும் கூட்டாளியை அடிக்கச் சொல்லல, கொடுமை பண்ணினா பரிசும் குடுக்கல, அது தற்செயல் இல்ல. கறை எங்கேர்ந்து வந்துச்சு, அவன் அதை வெறுக்கிறானா ரசிக்கிறானா, காட்டுக்கு இப்போ அவன் யாரு, இதெல்லாம் முதல் செஷனுக்கு முன்னாடியே டிஎம்மும் மத்த பிளேயர்களும் உக்காந்து பேசிக்கணும், எதெல்லாம் டேபிள்ல வரக்கூடாதுங்கறதையும் சேத்து.

சோதிக்கும்போது ஒரே சண்டை வெச்சுப் பாக்காதீங்க, அதுல எந்த விலையும் மலிவாத்தான் தெரியும். ரெஸ்ட் இல்லாம மூணு சண்டை தொடர்ச்சியா வைங்க, பக்கத்துல அதே லெவல் ஹன்டர் ஒருத்தனையும் ஆட விடுங்க, மூணாவது சண்டை ஆரம்பிக்கும்போது ரெண்டு பேரோட ஹெச்பி உச்சவரம்பையும் குறிச்சுக்கங்க. கறைக்காரன் மூணு அல்லது நாலு கறைல நின்னு "இன்னொண்ணு ஏத்தலாமா"ன்னு யோசிச்சான்னா நம்பர் சரி. யோசிக்காம ஏத்தினான்னா ரெண்டு மடங்கை மூணு மடங்காக்குங்க, ஒரு தடவைக்கு மேல தொடவே இல்லன்னா 2டி6ஐ 2டி8 ஆக்கிப் பாருங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திராதீங்க, எது வேலை செஞ்சுதுன்னு அப்புறம் தெரியாது.